அவள் 'ஆனால்' என்று தொடங்கினாள்: சட்ட உதவி வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வழக்கறிஞர்களே,

அமர்வு நீதிமன்றங்களில், நீதிபதிக்கு முன்னால் உட்கார்ந்து எழுதும் பெஞ்ச் கிளார்க்காகப் பல ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவன் நான். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சார்பில், வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காகக் கொலை வழக்குகளில் ஆஜராகிறீர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கணவனைக் கொன்றதாகக் கூண்டில் நிற்கும் பெண்களைப் பற்றிய மடல் இது.

என் மனத்தில் இருந்து இறங்காத ஒரு வழக்கைச் சொல்லிவிடுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். தூங்கிக்கொண்டிருந்த கணவனின் தலையில் அம்மிக்குழவியைப் போட்டுவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. விடிவதற்கு முன்பே அவளாக நடந்து காவல் நிலையத்துக்கு வந்துவிட்டாள். சேலையில் இரத்தம் இருந்தது. குழவி வீட்டிலேயே கிடந்தது. அக்கம்பக்கத்தார் இரண்டு பேர், அவள் வீட்டிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னார்கள். அரசுத் தரப்பு சாட்சிகள் முடிந்து, எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, நீதிபதி கேள்வி கேட்கும் நாள் வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 313ஆம் பிரிவு. இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 351.

அந்தக் கேள்வித்தாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். இன்ன சாட்சி இன்னபடி சொல்லியிருக்கிறார், நீ என்ன சொல்கிறாய்? பொய். அடுத்த சாட்சி இன்னபடி சொல்லியிருக்கிறார். பொய். முப்பது கேள்விக்கும் முப்பது 'பொய்'. அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரரின் சாட்சியத்தைப் பற்றிய கேள்வி வந்தபோது நிறுத்தினாள். "பொய் இல்லை ஐயா. ஆனால்..." என்று தொடங்கி, இடது கையைக் கூண்டின் கம்பிக்கு மேலே தூக்கிக் காட்டினாள். சுண்டுவிரல் மடங்கவில்லை. என்றோ ஒடிந்து, கட்டுப்போடாமல் தானாகக் கூடிய விரல். மற்ற நான்கும் மடங்கியிருக்க, அது மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

அவளுடைய வக்கீல் எழுந்தார். "பொய் என்று மட்டும் சொல்லம்மா" என்றார். அவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், கையை இறக்கிக்கொண்டாள். "பொய்" என்றாள். நான் எழுதினேன். உன் தரப்பில் சாட்சி உண்டா? இல்லை. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா? இல்லை.

ஆயுள் தண்டனை. அந்த விரல் வழக்குக் கட்டில் எங்கேயும் இல்லை. மேல்முறையீடு செய்திருந்தாலும் உயர் நீதிமன்ற நீதிபதிகள் அதைப் பார்த்திருக்க முடியாது. அவர்கள் கைக்குப் போவது நாங்கள் எழுதிய தாள்தானே. அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருந்தது என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அந்த வக்கீல் கெட்டவர் அல்லர். எதிரி வாய் திறந்து ஒப்புக்கொண்டால் சந்தேகத்தின் பலன் கைநழுவிப் போகும் என்று பயந்தார். காவல் நிலையத்தில் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது, அதை இங்கே இவளே நிரப்பிவிடக் கூடாது என்று நினைத்திருப்பார். சூழ்நிலைச் சாட்சியம் நொண்டியடிக்கும் வழக்கில் அது சரியான யோசனை. ஆனால் வீட்டுக்குள், இருவர் மட்டும் இருந்த அறையில் நடந்த சாவில் அப்படி இல்லையே! உள்ளே என்ன நடந்தது என்பது உள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும், அவர்தான் விளக்க வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டத்தின் பழைய 106ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றம் 2006-ல் திரிமுக் மாரோத்தி கிர்கன் வழக்கில் இதை அழுத்திச் சொன்னது. அங்கே கூண்டில் நின்றவன் கணவன், செத்தவள் மனைவி. நியாயமான தீர்ப்பு. ஆனால் அதே அளவுகோல் இவளுக்கும் வரும். மௌனமும் வெறும் மறுப்பும் இவளுக்கு எதிரான சங்கிலியில் ஒரு கண்ணியாகச் சேர்ந்துவிடும்.

இதில் நமக்கு வழிகாட்ட வெளியூர் வரை போக வேண்டியதில்லை. 1989-ல் நம் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வழி திறந்துவைத்தது. கணவனின் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்துக்கொண்ட ஒரு தாயின் வழக்கு. நீதிபதி டேவிட் அன்னுசாமி நல்லதங்காளை நினைவுகூர்ந்தார். பஞ்சமும் அண்ணியின் கொடுமையும் சேர்ந்து துரத்த, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் எறிந்துவிட்டுத் தானும் விழுந்தவளின் கதையை நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எது கொலை என்று சொன்ன பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவு, கொலையைக் குறைந்த குற்றமாக்கும் முதல் விதிவிலக்கில், 'கடுமையான, திடீர்' ஆத்திரமூட்டலைத்தான் பேசியது. நாள்கணக்காக, ஆண்டுக்கணக்காகச் சேர்ந்துகொண்டே வரும் ஆத்திரமூட்டலும் உண்டு, அதற்கும் அந்த இடத்தைக் கொடுக்கலாம் என்றது அந்தத் தீர்ப்பு. கொலைக் குற்றம், கொலையாகாத மரணக் குற்றமாகக் குறைந்தது.

1860-ல் எழுதிய அந்த 'திடீர்' என்ற சொல் 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சொல் யாருடைய கோபத்தை அளந்து தைத்த சட்டை என்று யோசித்துப் பாருங்கள். கை ஓங்கினால் எதிராளி விழுவான் என்ற உடல்பலம் உள்ளவனுக்குத்தான் கோபம் அந்த நொடியிலேயே கைக்கு வரும். அடி வாங்கும்போது திருப்பி அடித்தால் செத்துவிடுவோம் என்று தெரிந்தவள், அவன் தூங்கும் வரை காத்திருக்கிறாள். சட்டம் அந்த இடைவெளியைப் பார்த்து 'ஆறிய மனம், திட்டமிட்ட கொலை' என்கிறது. அவளுக்கு அந்த இடைவெளியில் எதுவும் ஆறவில்லை. மறுநாள் காலை அவன் கண்விழிப்பான் என்ற பயம்தான் ஏறிக்கொண்டே போகிறது.

மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். வீட்டை விட்டுப் புறப்பட்டது பகல் 1.30, சுட்டது 4.20, ஏறக்குறைய மூன்று மணி நேரம், ஆகவே திடீர் ஆத்திரம் இல்லை என்று 1961-ல் உச்ச நீதிமன்றம் முடித்தது. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு வரி இருக்கிறது. இறந்தவரின் முந்தைய செயல்களால் உருவான மனப் பின்னணியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்ற வரி. அரசுத் தரப்பு முதல் பாதியைப் படித்துக் காட்டும். இரண்டாம் பாதியை நீங்கள்தான் படிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா என்ற பெண்ணுக்கு நேர்ந்ததும் இதுதான். பத்தாண்டு அடி உதைக்குப் பிறகு, 1989 மே மாதம், தூங்கிக்கொண்டிருந்த கணவன் மீது பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார். கணவன் இறந்துபோனான். விசாரணையில் கிரண்ஜித் கூண்டேறிச் சாட்சி சொல்லவில்லை. அவருடைய மன நிலையைப் பற்றிய மருத்துவச் சான்று நீதிமன்றத்தின் முன் போகவே இல்லை. ஆயுள் தண்டனை. சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்புப் பெண்கள் போராடி, 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பிறகு கொலைக்குக் குறைந்த குற்றமாக ஏற்கப்பட்டு, அனுபவித்த சிறைக் காலமே போதும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நாட்டுச் சட்டமே 2009-ல் மாறி, தன்வசம் இழப்பது திடீரென்று நடக்க வேண்டியதில்லை என்றாயிற்று. முதல் விசாரணையிலேயே எல்லாம் வெளியே வந்திருந்தால், அந்தப் பெண்ணின் மூன்று ஆண்டுகள் வேறு மாதிரி போயிருக்கும்.

கொன்றவர்களை எல்லாம் விடுவிக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். காப்பீட்டுப் பணத்துக்காகவும், வேறொருவரோடு வாழ்வதற்காகவும் திட்டம் போட்டுக் கொன்ற வழக்குகளையும் இதே கையால் எழுதியிருக்கிறேன். அவற்றில் எனக்கு எந்தக் குழப்பமும் வந்ததில்லை. நான் சொன்ன வழக்கிலும் செத்தவனின் தாய், வாய்தாவுக்கு வாய்தா வராந்தாவில் வந்து உட்கார்ந்திருந்தாள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவளுக்கும் முழு உண்மை தெரிய உரிமை உண்டு. அவளுக்கும் அந்த நீதிமன்றம் முழு உண்மையைக் கொடுக்கவில்லை.

எதிரியை ஒப்புக்கொள்ளச் சொல்ல வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. விதிவிலக்கைத் தனியாகக் கோராவிட்டாலும், அரசுத் தரப்பு சாட்சியத்திலிருந்தே அது வெளிப்பட்டால் நீதிமன்றம் அதைக் கொடுக்கலாம். ஐயமற நிரூபிக்கும் சுமையும் அவளுக்கு இல்லை, நிகழ்ந்திருக்கக்கூடியது என்று காட்டினால் போதும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் கூண்டில் ஏறும்போது, அன்றிரவு வெளிச்சம் இருந்ததா என்று மட்டும் கேட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். அதற்கு முந்தைய இரவுகளைக் கேளுங்கள். அந்த வீட்டில் அலறல் கேட்டதா, இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து படுத்திருக்கிறாளா என்று கேளுங்கள். விசாரணை அதிகாரியிடம், அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் இவள் முன்பு கொடுத்த மனுவுக்கு ரசீது போட்டீர்களா, சமரசம் பேசித் திருப்பி அனுப்பினீர்களா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேடு இருக்கும். 'கீழே விழுந்துவிட்டேன்' என்று அவள் சொல்லியிருப்பாள். எத்தனை முறை விழுந்திருக்கிறாள் என்று அந்தப் பதிவேடு சொல்லும். கூண்டில் நிற்கிறவளுக்கும் மருத்துவப் பரிசோதனை கேட்டு மனுப்போடுங்கள். எழுத்து மூலமான வாக்குமூலத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இதற்கெல்லாம் முதலில் சிறைக்குப் போய் அவளைப் பார்க்க வேண்டும். ஒரு முறை போதாது. பன்னிரண்டு ஆண்டு யாரிடமும் சொல்லாதவள் முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிட மாட்டாள். உங்களுக்குக் கிடைக்கும் கட்டணம் எவ்வளவு சொற்பம் என்று எனக்குத் தெரியும். பில்லுக்காக நீங்கள் அலைந்ததையும் பார்த்திருக்கிறேன். இருந்தும் கேட்கிறேன். கொலைக்குத் தண்டனை சொன்ன பழைய 302-க்கும், கொலையாகாத மரணத்துக்குத் தண்டனை சொன்ன 304-க்கும் நடுவே இருப்பது அவளுடைய பிள்ளைகளின் முழு வளர்ச்சிக் காலம்.

நீதிபதி கேள்வித்தாளைப் படிக்கும்போது உங்கள் கட்சிக்காரர் 'ஆனால்' என்று தொடங்கினால், தயவுசெய்து எழுந்திருக்காதீர்கள். என் நாற்காலியில் இப்போது வேறொருவர் இருக்கிறார். அவள் சொல்வதை அவர் எழுதிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு பெஞ்ச் கிளார்க்