கரையோர ரயில் படப்பிடிப்பு: கமரா, ஒலி எடுப்பவர்கள் கவனத்துக்கு

வணக்கம். கொழும்பில் கொள்ளுப்பிட்டி முதல் வெள்ளவத்தை வரை கடல் தண்டவாளத்துக்கு மேற்கே இருப்பதால் காலையிலேயே எடுத்துவிடுங்கள். மாலையில் எதிர்வெயில், எம்2 டீசல் எஞ்சின் வெறும் கறுப்பாகத்தான் தெரியும்.

உப்புக்காற்றுத்தான் பெரிய வில்லங்கம். லென்ஸுக்கு முன்னால் யூவி ஃபில்டர் கட்டாயம். படியும் உப்பைக் காய்ந்த துணியால் துடைத்தால் கண்ணாடி கீறும். நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுத்த பிறகே துடையுங்கள்.

நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் இந்த அளவில் நிலைய விளக்குகள் படத்தில் துடிக்காது.

அலைக்கு ஒலி லெவல் வைத்தால் ஹோர்ன் அடிக்கும்போது ஒலி உடையும், எடிட்டில் திருத்த ஏலாது. ஹோர்னுக்கே வையுங்கள், அலையைத் தனியாக 2 நிமிடம் பதியுங்கள்.

நிலையத்துக்குள் எடுக்க அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும். தண்டவாளத்தில் ஒருவரும் இறங்க வேண்டாம், அலை இரைச்சலில் ரயில் வருவது கேட்காது.