பழைய கேம்பர் கூட்டைப் புதிய பிக்கப் வண்டியில் தவறாகப் பொருத்தியது குறித்த புகார்

21.07.2025
குழித்துறை

பெறுநர்:
உரிமையாளர்,
வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை,
நாகர்கோவில்.

ஐயா,

கடந்த மே மாதம் என் புதிய பிக்கப் வண்டியையும், அதன் பின்தளத்தில் ஏற்றிப் பொருத்துவதற்காகக் கோயம்புத்தூரில் விலைக்கு வாங்கிய, உள்ளே படுத்துச் சமைக்கக்கூடிய பழைய கேம்பர் கூட்டையும் உங்கள் பட்டறையில் விட்டேன். ரப்பர் மரங்கள் தளிர்விடும் காலத்தில் தேன்பெட்டிகளோடு தோட்டம் தோட்டமாக அலைகிறவன் நான். இரவில் முதுகைச் சாய்க்க ஒரு பலகை, விடியலில் கருப்பட்டிக் காப்பி போட ஓர் அடுப்பு. அதற்காகத்தான் அந்தக் கூடு.

"அளந்து பார்க்க வேண்டாமா?" என்று அன்றைக்கே கேட்டேன். "எத்தனையோ வண்டி பார்த்தாயிற்று அண்ணாச்சி, நீங்கள் போய் வாருங்கள்" என்றார் உங்கள் மேஸ்திரி. போனேன். அது என் தவறு.

கூட்டின் அடித்தளம் 9 அடி. என் வண்டியின் தளம் 8 அடி 2 அங்குலம். மிச்சமிருக்கும் 10 அங்குலம் பின்னால் வெளியே நிற்கிறது. போதாததற்கு 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் அந்தப் பின்கோடியிலேயே இருக்கின்றன. தொட்டி ஏற்கெனவே அங்கே இருந்தது, சரி. பேட்டரியை அங்கே கொண்டுபோய் வைத்தது நீங்கள். கூட்டின் பாரம் பின் அச்சுக்கு முன்னால் இறங்க வேண்டும், பின்னால் இறங்கினால் முன்பக்கம் தூக்கும் என்பது பாடி கட்டுகிறவருக்கு நான் சொல்லித் தரவேண்டிய பாடமா? வண்டி வாங்கிய வாரம் முன்சக்கரங்களை மட்டும் எடைமேடையில் ஏற்றியபோது 920 கிலோ. கூட்டோடு ஏற்றியபோது 860. தேனை எடைபோட்டுப் பிழைப்பவன் என்பதால் இரண்டு சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்த 60 கிலோவின் அருமை ஆரல்வாய்மொழியில் தெரிந்தது. ஜூன் கடைசியில், முருங்கைத் தோட்டம் ஒன்றைப் பார்க்கப் பணகுடிக்குப் போனேன். கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்பதை நாகர்கோவிலில் பட்டறை நடத்துகிற உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளும் சும்மா நிற்கவில்லை. ஸ்டீயரிங் கையில் பஞ்சுபோல் கிடந்தது. பக்கவாட்டுக் காற்று ஒருமுறை தள்ளியதில் அடுத்த தடத்துக்கே போய்விட்டேன். பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் போட்டதால் இதை எழுதுகிறேன்.

பணகுடியில் டீக்கடை ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். கூட்டை இழுத்துப் பிடிக்கும் நான்கு டர்ன்பக்கிள்களையும் (முறுக்கி இறுக்கும் கொக்கிகள்) வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் மாட்டாமல், தளத்தின் பக்கத் தகட்டில் ஓட்டை போட்டு மாட்டியிருக்கிறீர்கள். வலப்பக்கப் பின் ஓட்டை புளியங்கொட்டை வடிவத்துக்கு இழுபட்டு, அதைச் சுற்றிப் பெயிண்ட் தூளாய் உதிர்ந்து கிடந்தது. இப்போது நான்கிலும் துரு. கடற்காற்று அடிக்கும் ஊரில் வெட்டிய தகட்டுக்கு ஒரு பூச்சுகூடப் பூசவில்லை. அந்த இடங்களுக்கு இனித் துரு உத்தரவாதம் கிடையாது என்று வண்டி நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் கைவிரித்துவிட்டார்கள்.

இடப்பக்க சிக்னல் போட்டால் கூட்டுக்குள் படுக்கை விளக்கு சேர்ந்து மினுக்குகிறது. எர்த் சரியில்லை என்று எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் ஒரு நிமிடத்தில் சொன்னார். இது சின்ன விஷயம், விடுங்கள்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கிப் பதிவுச் சான்றில் ஏற்றித் தருவதாகச் சொல்லித் தனியாக 6,500 ரூபாய் வாங்கினீர்களே, அது சின்ன விஷயமில்லை. இதுவரை ஒரு காகிதமும் வரவில்லை. வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியின் உரிமையாளரைத்தான் கேட்கும். வழியில் மறித்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

தொலைபேசியில் மூன்று முறை பேசினேன். "பழைய கூடு, அப்படித்தான் இருக்கும்" என்பது ஒன்றே பதில். கூடு பழையதுதான். ஓட்டைகள் புதியவை.

கூட்டை இறக்கி, தொட்டியையும் பேட்டரியையும் பின் அச்சுக்கு முன்னால் மாற்றி, சேஸிஸில் பிராக்கெட் அடித்து மறுபடி பொருத்தித் தாருங்கள், தகட்டையும் சரிசெய்யுங்கள். இந்த வண்டிக்கு இந்தக் கூடு ஒத்துவராது என்றால் அதை எழுத்தில் கொடுத்து, கூலி 38,000 ரூபாயையும் அந்த 6,500 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். பதினைந்து நாட்களுக்குள் பதில் இல்லையெனில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம்கூட இல்லை.

எடைச் சீட்டுகள், ரசீதுகள், ஓட்டைகளின் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். ரப்பர் தளிர்விடும் காலத்துக்கு முன், ஜனவரிக்குள் வண்டி எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்