தந்திரப் படத்துக்கு வேண்டியது ஜூம் அல்ல, தூரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூரத்தில் நிற்பவர் நண்பரின் உள்ளங்கையில் நிற்பதுபோலக் காட்டும் வேடிக்கைப் படங்களைச் சுற்றுலாத் தலங்களில் எடுப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பு, ஜூம் செய்தால் பின்னால் இருக்கும் பொருள் பெரிதாகும் என்கிறது. இது சரியல்ல. ஜூம் செய்யும்போது முன்னால் நிற்கும் ஆளும் பின்னால் இருக்கும் பாறையும் ஒரே விகிதத்தில்தான் பெரிதாகின்றன. ஒன்றுக்கொன்று அவை தெரியும் அளவை மாற்றுவது கேமராவிலிருந்து ஒவ்வொன்றும் இருக்கும் தூரம் மட்டுமே.

கணக்கு எளிது. 170 செ.மீ. உயரமுள்ள ஒருவர் நண்பரின் உள்ளங்கையில் 17 செ.மீ. பொம்மையாக நிற்க வேண்டுமானால் பத்து மடங்கு சிறுக்க வேண்டும். உள்ளங்கை கேமராவிலிருந்து 1.5 மீட்டரில் இருந்தால் அவர் 15 மீட்டரில் நிற்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது கேமராவின் உயரத்தில். சமதரையில் உள்ளங்கை 120 செ.மீ. உயரத்தில் இருந்தால் கேமரா 133 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் ஆள் அந்தரத்தில் மிதப்பார். தாழ்ந்தால் கால்கள் கைக்குள் புதைந்துவிடும்.

மாமல்லபுரத்தின் வெண்ணெய் உருண்டைப் பாறை சுமார் 6 மீட்டர் உயரம். இரு கைகளுக்கு நடுவே 30 செ.மீ. பந்தாக அதைக் காட்ட இருபது மடங்கு வேண்டும்: கை 1.5 மீட்டரில், பாறை 30 மீட்டரில். பாறை சரிவின் மேல் இருப்பதால், கீழே புல்தரையிலிருந்து எடுப்பவர் கேமராவைத் தாழ்த்திப் பிடித்து, கைகளை அதற்கு மேலே உயர்த்தச் சொல்ல வேண்டும்.

பொருத்தம் பார்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு கண்களால் பார்த்தால் ஆழம் தெரிந்துவிடும். கேமராவுக்கு இருப்பது ஒற்றைக் கண். சரிசெய்ய ஆட்களை அங்குமிங்கும் ஓடவிடாமல் கேமராவையே நகர்த்துங்கள். மேலே சொன்ன பத்து மடங்குக் கணக்கில் கேமரா 1 செ.மீ. நகர்ந்தால் போதும், அதே மாற்றத்துக்குத் தொலைவில் நிற்பவர் 9 செ.மீ. நகர வேண்டியிருக்கும்.

அருகில் உள்ள கையும் தொலைவில் இருப்பதும் தெளிவாக விழாவிட்டால் தந்திரம் அங்கேயே முடிந்தது. போர்ட்ரெய்ட் முறை பின்னணியை மங்கலாக்கும், அதை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மை கேமராவில் சுமார் 3 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 1.5 மீட்டர் முதல் தொடுவானம் வரை தெளிவு கிடைக்கும், கையை 1.5 மீட்டரில் வைக்கச் சொன்னது அதற்காகத்தான். பெரிய கேமராவில் 24 மி.மீ. லென்ஸ், எஃப்/11 (லென்ஸ் துளையின் அளவு) போதும். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/16 வைத்தாலும் இரண்டரை மீட்டருக்கு உட்பட்டது மங்கும்.

நிழலும் காட்டிக்கொடுக்கும். உள்ளங்கையில் நிற்பவரின் நிழல் தரையில் நீளமாகக் கிடந்தால் யார் நம்புவார்கள்? மேகமூட்டமான நேரம் நல்லது. தரையும் வெறுமையாக இருக்க வேண்டும். பொலிவியாவின் உயுனி உப்புவெளி இத்தகைய படங்களுக்குப் பேர்போனதற்குக் காரணம், 10,000 சதுர கி.மீ.க்கு மேல் பரந்த அந்த வெண்தரையில் தூரத்தைக் காட்டும் மரமோ கம்பமோ இல்லாததுதான். முன்னால் நிற்பவர் பாறையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. தன் கைகளுக்கு நடுவே பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் திருத்தத்தில் சேர்த்து வெளியிடுங்கள். திரையைப் பார்த்தபடியே பின்னால் நடப்பது ஆபத்து. சரிவிலும் சாலை ஓரத்திலும் முதலில் கேமரா வைக்கும் இடத்தை முடிவு செய்து, அங்கேயே நின்று, மற்றவர்களைத் தூரத்துக்கு அனுப்புவதே சரியான முறை.

இப்படிக்கு,
ஒளிப்படப் பயிற்றுநர் ஒருவர்,
செங்கல்பட்டு