கருப்பட்டிக் கணக்கு

பாளையங்கோட்டை,
கார்த்திகை 21.

ஏட்டி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. எழுத உட்கார்ந்தால் மழை, கரண்ட் போய்விடும். கரண்ட் வந்தால் கண்ணாடியைக் காணோம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மூத்தவள் பெங்களூருக்கு வா வா என்கிறாள். அங்கே போய் பால்கனியில் துணி காயப்போடுவதைத் தவிர எனக்கு என்ன வேலை?

நீ அந்த முதியோர் இல்லத்துக் கமிட்டியில் மாட்டிக்கொண்டதைப் படித்துச் சிரித்தேன். பண்டிகைக்குப் பண்டிகை என்னென்ன செய்யலாம், பட்டியல் அனுப்பு என்கிறாய். கோயம்புத்தூருக்குத் தோதான பட்டியல் என்னிடம் ஏது? இங்கே நான் போய்வருகிற முதியோர் இல்லத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அந்த வெள்ளத்தை நீ டிவியில் பார்த்திருப்பாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் ஏறிவிட்டது. காலையில் கோலம் போட ஒத்தாசைக்கு இல்லத்துக்குப் போனவள் அங்கேயே மாட்டிக்கொண்டேன். இல்லம் மேட்டில் இருப்பதால் உள்ளே தண்ணீர் வரவில்லை. ஆனால் சமையல்காரப் பெண்ணும் வரவில்லை, பால்காரரும் வரவில்லை. கரண்ட் இல்லாததால் மோட்டாரும் ஓடவில்லை. நானும் வார்டன் பெண்ணும், 31 பெரியவர்களும்.

எதைச் சொன்னாலும் ‘எனக்கு முடியாதும்மா’ என்பவர்கள்தான். அன்றைக்குப் பத்தமடை ஆச்சி யாரையும் கேட்காமல் அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்த தாத்தா மெழுகுவத்தியைப் பாதிப் பாதியாக வெட்டி, அறைக்கு ஒன்று என்று கணக்கெழுதிக் கொடுத்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு! ராத்திரி நாங்குநேரித் தாத்தா பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துத் தட்ட ஆரம்பித்தார். சின்ன வயதில் வில்லுப்பாட்டில் குடம் அடித்தவராம். மூன்று வருஷம் பழகியும் எனக்கு அது தெரியாது. சுடலைமாடன் கதை பாதி ராத்திரி வரை போனது.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து சமையல்காரப் பெண் வந்து சேர்ந்தாள். ஆச்சி அரிவாள்மனையை அவளிடம் கொடுத்துவிட்டு நாற்காலிக்குப் போகும்போது, “இனி நமக்கு ஒரு சோலியும் இல்ல” என்றாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பண்டிகை வந்தாலும் இதில் யாருக்கு என்ன சோலி என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

போன வாரம் திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை செய்தோம். மார்க்கெட்டில் குருத்தோலைக் கட்டு வாங்கி வந்து வராந்தாவில் போட்டேன். வாடை வந்ததும் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஓலையை ஈரத்துணியால் துடைத்து, ஈர்க்கைக் கிழித்து, ஜாண் நீளத்துக்கு நறுக்கி, கருப்பட்டி மாவை வைத்து, மேலே இன்னொரு துண்டை மூடி, நாரால் கட்ட வேண்டும். கட்டுவதில்தான் சண்டை. பத்தமடை ஆச்சிக்கு மூன்று கட்டு. திசையன்விளை ஆச்சிக்கு இரண்டு. “மூணு போட்டாத்தான் மாவு ஒழுங்கா நிக்கும்.” “ஆமா, பொறவு அவுக்கதுக்கு யாரு வருவா?” ஒருத்தி கட்டியதை மற்றவள் அவிழ்க்க, அரை மணி நேரம் ஒரு கொழுக்கட்டைகூட இட்லிக் கொப்பரைக்குப் போகவில்லை. வார்டன் பெண் சமாதானம் செய்ய எழுந்தாள். நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அந்த இரண்டு பேரும் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை.

கிளார்க் தாத்தாவுக்கு இப்போது கைநடுக்கம். நாரைப் பிடிக்க வராது. ‘நீங்க சும்மா உக்காருங்க’ என்று சொல்ல வாய் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். முடிச்சு நழுவாமல் இருக்க அதன்மேல் விரல் வைத்து அழுத்த ஓர் ஆள் வேண்டும் இல்லையா? அன்றைக்கு எல்லா முடிச்சிலும் அவர் விரல்தான். நடுங்கிய விரல்தான், ஆனாலும் நார் நழுவவில்லை.

ஒன்று சொல்கிறேன், மறக்காதே. கருப்பட்டி என்றால் சர்க்கரை ஏறாது என்று எவராவது சொன்னால் நம்பாதே. நாங்கள் கையளவில் பாதியாகத்தான் பிடித்தோம், ஆளுக்கு ஒன்று. பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படும் இரண்டு பேருக்குக் கொழுக்கட்டையே கிடையாது. தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். பாசிப்பருப்பை நன்றாகக் குழைய வேகவைத்துப் பாயசம் கொடுத்தோம்.

தீபாவளிக்கு நடந்ததையும் கேள். வெளியூரிலிருந்து ஒரு கூட்டம் மதியச் சாப்பாடு போட வந்தது. நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் சிறப்பு விருந்தினர் வரும்வரை இலை போடக் கூடாது என்றார்கள். பன்னிரண்டரைக்கு இன்சுலின் போட்டாயிற்று, மணி ஒன்றே முக்கால் ஆகியும் சாப்பாடு இல்லை. ஓர் ஆச்சிக்கு வேர்த்துக் கொட்டிக் கண் சொருகிவிட்டது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தோம். அதற்குப் பிறகும் போட்டோ எடுத்தார்கள். இப்போது யார் வந்தாலும் முதல் நிபந்தனை சாப்பாட்டு நேரம். இரண்டாவது, மைக் கூடாது. காது மெஷின் போட்டவர்களுக்கு அது தலைவலி. மூன்றாவது, தீபாவளிக்கு வராதீர்கள், ஐப்பசி முடிந்து ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை வாருங்கள். மூன்றாவதைக் கேட்டதும் பாதிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு நாசரேத் பக்கத்து அம்மாக்கள் நான்கு பேர் முந்திரிக்கொத்து பிடிக்கப் போகிறார்கள், மாவு கரைக்க நம் ஆச்சிமார். அந்த அம்மாக்கள் ஊர்ச் சர்ச்சில் போடும் அசன விருந்தைப் பற்றி வருஷம் முழுக்கப் பேசுவார்கள், எத்தனை மூட்டை அரிசி, எத்தனை ஆடு என்று. தையில் சிறுவீட்டுப் பொங்கல். மார்கழி முழுக்கக் கோலத்தில் சாணிப் பிடியில் பூசணிப்பூ வைத்து, காய்ந்த எருவைச் சேர்த்து ஆற்றில் விடுவோமே, அதேதான். படித்துறைப் படியில் வாக்கரோடு இறங்க முடியாது. போன தையில் இரண்டு பேரை மட்டும் ஆட்டோவில் குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போய் மற்றவர்கள் பங்கையும் விட்டோம். திரும்பி வந்ததும், “யாரு எருவு முதல்ல மூழ்குச்சி?” என்று ஒரே விசாரணை. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு ஒன்பதாம் நாள் கூட்டத்தில் போகவே மாட்டோம். எட்டாம் நாள் வேனில் போய், நிலையில் நிற்கிற தேரைப் பார்த்து, வடத்தைத் தொட்டுவிட்டு வந்துவிடுவோம். குற்றாலம் போனால் அருவிப் பக்கமே போவதில்லை. வேன் ஜன்னலைத் திறந்து சாரல் முகத்தில் பட்டால் போதும்.

பண்டிகை வருஷத்தில் பத்து நாள்தான். மற்ற நாளுக்குப் புளியமுத்தும் பல்லாங்குழியும் தாயமும், நாலு மணிக்குப் பேப்பர் வாசிப்பும். தலைப்புச் செய்தி யாருக்கும் வேண்டாம், காலமானார் பக்கம்தான் முதலில். தெரிந்த ஊர் வந்தால் அரை மணி நேரம் ஓடிவிடும்.

எதற்கும் வராத ஒருவரும் இருக்கிறார். தீபாவளியன்று மனைவியைப் பறிகொடுத்தவர். முதலில் நான் கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன், அது தப்பு. இப்போது பலகாரத்தை மூடி வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். தட்டு கழுவித் திரும்பி வரும்.

பொங்கலுக்கு உடன்குடிக் கருப்பட்டி அனுப்புகிறேன். உங்கள் இல்லத்தில் மொத்தம் எத்தனை பேர், சர்க்கரைக்காரர்கள் எத்தனை, விழுங்கச் சிரமப்படுபவர்கள் எத்தனை என்று எழுது. ஓலை கட்டத் தெரிந்தவர் யாராவது உண்டா என்றும் கேட்டுப் பார். ஒருத்தி போதாது. சண்டை போட இரண்டு பேராவது வேண்டும்.

உன்
பழைய பெஞ்சுக்காரி