சனிக்கிழமை மருத்துவமனைச் சந்திப்பு

அன்பு சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். இந்தச் சனிக்கிழமை காலை 10 மணிக்கு அரசு மருத்துவமனைக்குப் போகிறோம். பழம், பிஸ்கட் கொண்டு வாருங்கள். கைப்பிரதி இந்த முறை வேண்டாம். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டு, சரி என்றால் மட்டும் ஜெபியுங்கள்.

ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தது, அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடரை உலுக்கியது. மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒரே படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தது. அதுதான் இன்றைய சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, மருத்துவமனை). எத்தனையோ பேர் இயேசுவின் அன்பை முதலில் உணர்ந்தது அந்தப் பராமரிப்பில்தான் என்று நம்புகிறேன்.

அப்புறம், வார்டில் யாரையும் போட்டோ எடுக்காதீர்கள். வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள்.