மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்

திருமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று இரவு தொலைபேசியில் நீ சொன்ன ஒரு சொல் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்ததால், அரைமணி நேரப் பேச்சில் அடங்காததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் பெண் பிள்ளைகள் 42 பேர், மைதானத்துக்கு வருகிறவர்கள் ஆறு பேர்தான், மற்றவர்கள் வயிற்றுவலி, தலைவலி என்று புங்கை மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்றாய். அதுவரை சரி. அடுத்து, "இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஆர்வமே இல்லை, அம்மா" என்றாய். என்னைப் போலவே உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்த மூன்றாவது மாதமே அந்த முடிவுக்கு வந்துவிடாதே. 1993 முதல் 31 ஆண்டுகள் அந்த வேலையில் இருந்த எனக்கு, ஆர்வமே இல்லாதவள் என்று அடித்துச் சொல்லும்படி ஒரு பிள்ளைகூட நினைவுக்கு வரவில்லை. ஆசை இருந்தும் மைதானம்வரை வந்துசேர வழியில்லாமல் போனவர்கள்தான் ஒருவர் பின் ஒருவராக நினைவுக்கு வருகிறார்கள்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளியில் நான் இருந்தபோது, கோ-கோ அணியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது வேகம் குறையாமல் திரும்புவது எல்லாருக்கும் வராது. அவளுக்கு அது கற்றுக்கொடுக்காமலே வந்தது. மார்கழி முழுவதும் காலை ஆறரை மணிப் பயிற்சிக்கு அந்தப் பனியிலும் முதல் ஆளாக வந்து நின்றவள், மாசி பாதியில் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்து, பங்குனியில் அடியோடு நின்றுவிட்டாள். மாவட்டப் போட்டி வரைக்கும் கொண்டுபோகலாம் என்று நான் நம்பியிருந்த பிள்ளை என்பதால் எனக்குக் கோபம் தாங்கவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும், அத்தனை பேர் முன்னிலையில், சோம்பேறிக்கு என் அணியில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். அந்தக் கையைப் பிறகு பக்கத்தில் பார்த்தேன். நகக்கண் எல்லாம் மல்லிகைக் காம்பின் பச்சைக் கறை.

மதுரை மல்லிக்கு மார்கழி, தையில் பூ குறைவு. பனி விலகி வெயில் ஏற ஏறத்தான் செடி பூத்துக் கொட்டும். மொட்டு விரியுமுன் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு ஏற்றினால்தான் விலை என்பதால், இருட்டோடு இருட்டாகத் தோட்டத்தில் இறங்க வேண்டும். மார்கழியில் அவளால் வர முடிந்ததும் பங்குனியில் முடியாமல் போனதும் செடியின் கணக்கே தவிர, பிள்ளையின் மனக்கணக்கு அல்ல. வருகைப் பதிவேட்டைப் பார்த்த எனக்கு, அந்தத் தோட்டங்களைப் பேருந்தில் தினமும் கடந்துபோயும் அது புரியவில்லை. மறுவாரமே பயிற்சியை மாலை நாலரை மணிக்கு மாற்றினேன். அவளோடு சேர்ந்து வேறு நான்கு பிள்ளைகளும் வந்தார்கள். அந்த நான்கு பேரையும் அதுவரை நான் ஆர்வமில்லாதவர்கள் கணக்கில்தான் எழுதியிருந்தேன்.

அவளுடைய அம்மாவைப் பார்க்க வீட்டுக்குப் போனபோது அவர் கேட்ட கேள்வியை நீயும் ஒரு நாள் எதிர்கொள்வாய். "விடிஞ்சா குனிஞ்சு நிமிர்ந்து வேலை செய்யுற பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் விளையாட்டு?" என்றார். நியாயமான கேள்வி. உழைக்கிற உடம்புக்கு அசைவு குறைவில்லை. ஆனால் அந்த அசைவில் எதுவும் அவள் விருப்பத்தில் நடப்பதில்லை. நான் அவரிடம் இப்படியெல்லாம் விளக்கவில்லை. நீங்கள் சின்ன வயதில் என்ன விளையாடினீர்கள் என்று மட்டும் கேட்டேன். பாண்டி ஆடுவேன் என்றார். வயதுக்கு வந்த பிறகு ஆடவில்லை என்றார். சொல்லும்போதே கால் பெருவிரலால் தரையில் ஒரு கட்டம் கீறினார். சனிக்கிழமை ஒரு முறை மைதானத்துக்கு வாருங்கள் என்று அழைத்துவிட்டு வந்தேன். வந்தார்.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்கை நீ பார்த்திருப்பாய். 2022 நிலவரப்படி, இந்தியாவில் வயது வந்த பெண்களில் 57 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 42 சதவீதம் பேருக்கும் உடலுக்குத் தேவையான அளவு இயக்கம் இல்லை. வேலையும் நடையும் சேர்ந்த கணக்கு அது. விளையாட்டை மட்டும் தனியே எடுத்தால் இடைவெளி இன்னும் அகலமாகவே இருக்கும் என்பது என் எண்ணம். அந்த இடைவெளி நாற்பது வயதில் தொடங்குவதில்லை. உன் கண்ணெதிரே, அந்தப் புங்கை மரத்தடியில், பதின்மூன்று பதினான்கு வயதில் தொடங்குகிறது.

வயிற்றுவலி என்று சொல்கிறவர்களைப் பொய் சொல்கிறார்கள் என்று எண்ணாதே. மாதவிலக்கு நாளில், கறை தெரிந்துவிடுமோ என்று அஞ்சும் பிள்ளை எப்படிக் குதிப்பாள்? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் மாற்றினால் போடுவதற்குக் கூடை இருக்கிறதா என்பதை நாளைக்கே போய்ப் பார். பந்து வாங்குவதற்கு முன்னால் தாழ்ப்பாள் வாங்கு. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாவணியில் வருவார்கள். ஓடும்போது ஒரு கை எப்போதும் தாவணியைப் பிடித்திருக்கும். இன்று சுடிதாரும் ஷாலுமாக உடை மாறியிருக்கிறது, அந்தக் கை மாறவில்லை. மைதானத்தின் ஓரத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டே பார்க்கிறார்கள் என்றால், அந்த ஒரு மணி நேரத்துக்கு மைதானம் பெண்களுக்கு மட்டும் என்று தலைமையாசிரியரிடம் பேசி வாங்கிவிடு. உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கேட்டு வருவார்கள். அன்போடு மறுத்துவிடு, பத்தாம் வகுப்புக்கு மட்டுமல்ல, யாருக்கும் கொடுக்காதே.

அணி பிரிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு தலைவிகளை நிறுத்தி மாறிமாறி ஆள் எடுக்கச் சொன்னால், கடைசியாக எடுக்கப்படுகிறவள் தன்னை யாருக்கும் வேண்டாம் என்பதை ஊரறியக் கற்றுக்கொள்கிறாள். இரண்டு முறை அப்படி நின்றவள் மூன்றாம் முறை மரத்தடிக்குப் போய்விடுவாள். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்துவிடு; அரை நிமிடத்தில் முடியும்.

நீ உடற்கல்வியில் எம்.பி.எட். படிக்கும்போது டெசி, ரயான் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்களின் கருத்தை எனக்கு வாசித்துக் காட்டினாய். ஒன்றைத் தொடர்ந்து செய்வதற்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும்: இது என் விருப்பம் என்ற உணர்வு, எனக்கு இது கைகூடி வருகிறது என்ற உணர்வு, இங்கே எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. நான் படிக்காமல் மைதானத்தில் கண்டதும் அதுதான். ஏன் வருகிறாய் என்று பிள்ளைகளைக் கேட்டால், உடம்புக்கு நல்லது என்று ஒருத்தியும் சொன்னதில்லை. அவள் வருகிறாள் அதனால் நானும் வருகிறேன் என்பார்கள். நேற்று தொட முடியாதவளை இன்று தொட்டுவிட்டேன் என்பார்கள். தோழிகளில் இருவரை இழுத்தால் நான்கு பேர் வருவார்கள். ஒருத்தியை மட்டும் பிரித்தெடுத்துப் பாராட்டினால் சில சமயம் அவளும் நின்றுவிடுவாள்.

வேலைக்காக விளையாட வருகிறவர்களையும் தாழ்வாக நினைக்காதே. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்பதைக் கேட்டுத்தான் பல அப்பாக்கள் மகளை அனுப்பவே சம்மதிக்கிறார்கள். அந்தச் சம்மதம் பெரிது. ஆனால் சான்றிதழ் ஒன்றே காரணமாக வந்தவள், அது கிடைத்ததும் காலணியைக் கழற்றிவிடுவாள். அதற்குள் வேறொரு காரணத்தை அவள் மனத்தில் ஊன்றிவிடுவது உன் பொறுப்பு.

2025இன் இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையோடு நம் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் நடந்தபோது, நம் ஊருக்கு இது வந்ததே என்று எனக்கு உள்ளம் நிறைந்துபோனது. ஆனாலும் உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்த மைதானம் இரண்டு பேருந்து தூரம். வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கல் பொறுக்கிச் சமன்செய்த ஒரு துண்டு நிலம் இருந்தால்தான் அவள் நாளும் ஆடுவாள்.

சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை உனக்குத் தெரியும். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். கூலி வேலை செய்த பாட்டி ஆரம்மாள் வளர்த்தார். தொடக்கத்தில் வெறுங்காலோடு ஓடியவர், 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார். எல்லாரும் அந்த வெறுங்காலைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: முதலில் தயங்கிய பாட்டியிடம் பயிற்சியாளர் கண்ணன் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தார். அப்படிப் பேச ஒருவர் போகாத வீடுகள் எத்தனை என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை. மாவட்டப் போட்டிக்கு அவள் போகவில்லை. அந்தக் கோடையில் மாலையிலும் தோட்ட வேலை வந்துவிட்டது. எல்லார் முன்னிலையிலும் திட்டியதற்கு, அதே வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அவளிடம் வருத்தம் சொன்னேன். பத்தாம் வகுப்பு முடியும்வரை வாரத்தில் முடிந்த நாளெல்லாம் வந்து ஆடிவிட்டுப் போனாள்.

இந்த வாரம் பயிற்சி எதுவும் நடத்தாவிட்டாலும் பரவாயில்லை. மரத்தடியில் போய் அவர்களோடு உட்கார். காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், தண்ணீர் யார் எடுக்கிறார்கள், தம்பி தங்கையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேள். உங்கள் பக்கத்தில் ரோஜாத் தோட்டமும் தக்காளித் தோட்டமும் உண்டு என்றாயே, அங்கே எந்த மாதம் பறிப்பு அதிகம் என்றும் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா