நெட்டைக்கு, ஹட்டனிலிருந்து

அன்புள்ள நெட்டை,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் சொன்னாலும் நீ நம்பப்போவதில்லை, ஆகவே சொல்லவில்லை. இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்குக் கண்டிக்கு மாற்றம் கிடைத்துவிட்டது. அக்காவின் முழங்கால் அப்படியேதான். மீசை மாமா இன்னும் இருக்கிறார், இன்னும் அதே பொய்களைத்தான் சொல்கிறார். கேட்க ஆள்தான் குறைந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ராணிக்கு ஜோடி பார்த்துவிட்டேன். மாப்பிள்ளை அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்து பங்களாவில் இருக்கிறான். எட்டு வயது. பெயர் ஜிம்மி. ராணியைப் போல அவனும் அல்சேஷன் நாய்தான், ஆனால் பிறந்தது முதல் ஒரு நாய்க் கண்காட்சி ரிங்கிலும் கால் வைத்ததில்லை. இதைச் சொன்னதிலிருந்து இங்கே நாய் வளர்க்கிற கூட்டம் முழுக்க எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று பேசிக்கொள்கிறது. நீயும் சிரிப்பாய். சிரித்துவிட்டு மிச்சத்தையும் படி.

நுவரெலியா ஏப்ரல் சீசன் ஷோவில் ராணி தன் வகுப்பில் முதலாவதாக வந்தாள். ரிங்கைவிட்டு வெளியே வருவதற்குள் ஆட்கள் பின்னால் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "இவளை அந்தப் பெரிய கடுவனுக்குத்தானே சேர்க்கப்போகிறீர்கள்?" பெரிய கடுவன் என்றால் வெளிநாட்டிலிருந்து வந்த சாம்பியன். நல்ல நாய்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். தலையும் நிறமும் ஓட்டமும் பார்த்தால் எனக்கே கண் போகும். ஆனால் அவன் வந்த நாளிலிருந்து கொழும்பு, கண்டி, பண்டாரவளை என்று யார் வீட்டுப் பெட்டை பருவத்துக்கு வந்தாலும் வண்டி அவன் வாசலில்தான் நிற்கிறது. இப்போது எந்தக் குட்டியின் பெடிகிரியை, அதாவது வம்சப் பேப்பரை, விரித்தாலும் தகப்பன் பக்கம் அவன் பெயர், தாய் பக்கமும் அவன் பெயர். ராணிக்கே அவன் தாய்வழித் தாத்தா!

தாத்தாவையும் பேத்தியையும் சேர்த்தால் உட்கலப்பு, அதாவது ஒரே இரத்தம் தனக்குள்ளேயே கலப்பது, 12.5 சதவீதம் என்று பேராதனையில் மிருக டாக்டரம்மா பேப்பரில் போட்டுக் காட்டினார். ஒரு தகப்பனுக்கு இரண்டு தாரத்தில் பிறந்த பிள்ளைகளை ஒன்றுக்கொன்று கட்டிவைப்பதும் இதுவும் கணக்கில் ஒன்றுதான். மனிதருக்குச் செய்தால் ஊரே காறித் துப்பும். நாய்க்குச் செய்தால் 'லைன் பிரீடிங்' என்று அழகாக ஒரு பெயர், குட்டிக்கு ஐம்பதாயிரம் கூடுதல் விலை.

இதைச் சொன்னால் அந்த ஆட்கள் உடனே ஜெர்மனிக்குப் போய்விடுவார்கள். ஸ்டெபானிட்ஸ் என்ற ஜெர்மன்காரர் 1899இல் கார்ல்ஸ்ரூ கண்காட்சியில் ஒரு கடுவனை வாங்கி, ஹோரான்ட் என்று பெயர் வைத்து, பதிவேட்டில் முதல் நாயாக எழுதி, பிள்ளை, பேரன் என்று அந்த இரத்தத்திலேயே திரும்பத் திரும்பச் சேர்த்துத்தானே அல்சேஷனையே உண்டாக்கினார் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த மனிதருக்கு ஜெர்மனி முழுக்க ஆட்டு மந்தைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நாய்கள் இருந்தன. வேண்டியபோது வெளியே கை நீட்டி எடுக்கலாம். நமக்கு இருப்பது சுற்றிவரக் கடல். கப்பலிலோ விமானத்திலோ வந்த சில நாய்களின் பிள்ளைகள்தான் எல்லாம். அதிலும் 2022இல் மூட்டையில் வருகிற நாய் உணவு கிடைக்காமல் போனபோது எனக்குத் தெரிந்த பழைய வளர்ப்பாளர்கள் கூண்டைக் காலி செய்துவிட்டார்கள். கோழிக்கழுத்தும் குறுணல் அரிசியும் அவித்துப் போட்டு நான் சமாளித்தேன். அவர்களோடு போன இரத்தம் போனதுதான், அதைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்க முடியாது.

எனக்குப் பயம் இடுப்புதான் மச்சான். ராணியோடு கூடப் பிறந்தவன் ஒருவன் மாத்தளையில் இருக்கிறான். இரண்டு வயதில் வேனில் ஏற முடியாமல் முன்னங்காலை மட்டும் தூக்கி வைத்துவிட்டு எஜமானைத் திரும்பிப் பார்க்கிறான். எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் தலை கிண்ணத்தில் உட்காரவே இல்லை. ராணியின் படம் சுத்தம், இடுப்புக்கு முதல் தரம், ஏ என்றே எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் இந்தக் கோளாறு ஒரே ஒரு மரபணுவால் வருவதில்லை. பல மரபணுக்கள் சேர்ந்து செய்கிற வேலை, அதற்கு மேல் குட்டியில் கண்டபடி தின்னக் கொடுத்துக் கொழுக்கவைத்தால் இன்னும் மோசம். அதனால் தன் இடுப்பு நன்றாயிருந்தால் மட்டும் போதாது, அண்ணன் தம்பி இடுப்பையும் பார்க்க வேண்டும். ஜட்ஜ் அதைப் பார்ப்பதில்லை. அவர் முன்னால் நாய் சில நிமிடம் நிற்கும், ஒரு சுற்று ஓடும், அவ்வளவுதான். முதுகு பின்னால் சரிந்து, பின்னங்கால் நீட்டி நின்றால் கைதட்டல். வாங்குகிறவனும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறான்.

ஜிம்மியைப் போய்ப் பார்த்தேன். அப்பா எந்த நாயையும் முகத்தைப் பார்க்கமாட்டார், ஞாபகம் இருக்கிறதா? நேரே பின்பக்கம் போய்க் குந்திவிடுவார், தோட்டத்துத் துரைமார் சிரிப்பார்கள். நானும் அதையே செய்தேன். பின்னங்காலைத் தூக்கி நகம் நகமாகப் பார்த்தேன். இந்த ஜாதியில் வயது போனதும் முதுகுத்தண்டு நரம்பு கெட்டுப் பின்கால் இழுபடுகிற ஒரு நோய் உண்டு. அது தொடங்கினால் நடு நகங்களின் மேல்பக்கம் தரையில் உரசித் தேய்ந்திருக்கும். இவனுக்கு எல்லா நகமும் நுனியில் ஒரே அளவு தேய்வு, பாதம் பூனைப் பாதம்போல இறுக்கம். பங்களாவிலிருந்து மேல்மலைக்குப் போகிற படிக்கட்டில் அவனை வளர்க்கிற பங்களா மாத்தயாவுக்கு முன்னால் ஏறுகிறான், மேலே நின்று திரும்பிப் பார்க்கிறான். முதுகு நேர். காது கொஞ்சம் பெரிசு, நிறமும் மங்கல். ரிங்கில் விட்டால் கடைசியில்தான் நிற்பான். பேப்பர் இருக்கிறது, ஓரத்தைக் கரப்பான் அரித்திருந்தாலும் பெயர்கள் தெளிவாக இருக்கின்றன. அந்தப் பெரிய கடுவன் பெயர் ஒரு இடத்திலும் இல்லை! மாத்தயாவைக் கெஞ்சி ஜிம்மியைப் பேராதனைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தோம். ஏ-க்கு அடுத்த தரம், பி. எட்டு வயதில் பி என்றால் எனக்குப் போதும்.

சேர்க்கைக்குக் காசு வேண்டாம், முதல் தெரிவுக் குட்டியைக் கொடுத்தால் சரி என்றுவிட்டார் மாத்தயா. வழக்கப்படி பெட்டையைத்தான் கொண்டுபோக வேண்டும். கார்த்திகை வாக்கில் ராணி பருவத்துக்கு வருவாள், மாசியில் குட்டி. ஹட்டன் குளிரில் பிறந்த குட்டிக்குத் தன் சூட்டைத் தானே காக்கத் தெரியாது, இரண்டு கிழமைக்கு பல்பும் சாக்கும் நானும்தான். இரவில் கூண்டுக் கதவு இரட்டைத் தாழ்ப்பாள், சிறுத்தை மறுபடியும் தொழிலாளர் லயம் வரைக்கும் வருகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை போகிற அன்று தன் அல்சேஷன் பெட்டையின் சங்கிலியை அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனாரே, அவளுடைய முதல் ஈத்து நம் லயத்துக் காம்பராவில் அடுப்புக்குப் பக்கத்தில்தான் விழுந்தது. நீதான் சிம்னி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அடுத்த வருடம் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டாய். அந்தப் பெட்டையிலிருந்து தாய்வழியாக ராணி வரைக்கும் கயிறு அறவில்லை. என் கையில் அது நொண்டிக்கொண்டு முடியக் கூடாது என்றுதான் இந்தப் பாடு. கப்பு வேண்டிய அளவு அலமாரியில் இருக்கிறது, தூசு தட்டத்தான் ஆளில்லை.

உன் ராஜபாளையத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, எல்லாம் சரி. முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தாயா? அந்த வெள்ளையோடு செவிடும் சேர்ந்து வருவதுண்டு. வாங்குவதற்கு முன் பார், வாங்கிவிட்டு எனக்குக் கடிதம் போட்டு அழாதே.

அப்புறம் ஒரு வேலை. கூடலூரிலிருந்து ஊட்டி எவ்வளவு தூரம்? மே மாதம் அங்கே நாய்க் கண்காட்சிக்குப் போனால் அல்சேஷன் வகுப்பில் நேர்முதுகு நாய் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார். நிற்கிற படம் எனக்கு வேண்டாம். பின்னாலிருந்து, மெதுவாக நடக்கிறபோது, வீடியோ எடுத்து அனுப்பு. உன் பேரனிடம் போனைக் கொடு, நீ எடுத்தால் உன் கட்டைவிரல்தான் தெரியும்.

உன்,
கட்டையன்